கச்சானும் கரியும்: ஊவாத் தேயிலையும் கப்பல்களின் எரிபொருட் சிக்கனமும்

இலங்கையின் ஒன்பது மாகாணங்களுள் கடற்கரை இல்லாதவை நான்கு. அவற்றுள் ஊவாவும் ஒன்று. பசறையிலோ மடுல்சீமையிலோ பிறந்து வளர்ந்த ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு கப்பலையேனும் அருகிற் காணாது மறைந்துவிடக்கூடும். எனினும் கப்பல் இல்லையேல் ஊவாவின் தோட்டங்கள் இல்லை. கூலிகளாக அழைத்துவரப்பட்டோர் கடல் கடந்தே வந்தனர். அவர்கள் உண்ட அரிசியும் கடல் கடந்தே வந்தது. அவர்கள் பறித்த கொழுந்து தேயிலையாகிக் கடல் கடந்தே சென்றது. மலையக வரலாற்றை எழுதப் புகுந்தோர் துரைமாரையும் கங்காணிமாரையும், துண்டுமுறையையும் பிரசாவுரிமைச் சட்டங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அது வேண்டப்படுவதே. ஆனால் அத்தேயிலையைச் சுமந்த கப்பலின் கொதிகலத்துள் என்ன நிகழ்ந்தது என்பதை நோக்கியோர் மிகச் சிலரே. ஒரு தொன் சரக்கை ஒரு மைல் தூரம் கொண்டு செல்ல ஒரு கப்பல் எவ்வளவு கரி எரிக்கின்றது என்னும் கேள்வி பொறியியலாளர்க்கு மட்டும் உரியதெனத் தோன்றலாம். உண்மையில் ஊவா மலைச்சரிவுகளில் எது பயிரிடப்படும், எப்போது பயிரிடப்படும், எவருடைய உழைப்பினாற் பயிரிடப்படும் என்பவற்றைத் தீர்மானித்த கேள்விகளுள் அதுவும் ஒன்றாகும். இன்று அதே கேள்வி காபனீரொட்சைட்டின் பெயரால் மீண்டும் எழுந்துள்ளது.

காற்றிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது ஈரம் வற்றிய வெங்காற்றாகின்றது. அதுவே கச்சான். யூலை முதல் செப்ரெம்பர் வரை அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, பதுளை, நமுனுகுலைப் பகுதிகளில் இக்காற்று வீசுகின்ற காலத்திலே தேயிலைச் செடி வாட்டமுறுகின்றது. துளிர் மெல்லவே வளர்கின்றது. இலையில் நறுமணப் பொருள்கள் செறிகின்றன. உலகச் சந்தையில் ‘ஊவாப் பருவத் தேயிலை’ என உயர்விலை பெறுவது இக்குறுகிய காலத்து விளைச்சலே. ஆனால் அதே யூலை, ஓகஸ்ற் மாதங்களிலேதான் கொழும்பின் கடல் கொந்தளிக்கும். அராபியக் கடலில் மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலுக்கு அதே காற்று எதிர்க்காற்று. மலையிலே தேயிலைக்கு மணம் கொடுத்த காற்று கடலிலே அத்தேயிலையைக் கொண்டுசெல்வதற்கு இடையூறாக நின்றது. இம்முரணைப் பாய்க்கப்பலின் காலம் தீர்க்கவில்லை, நீராவியே தீர்த்தது. அதுவும் நீராவி கண்டுபிடிக்கப்பட்டவுடன் அன்று, நீராவி சிக்கனமான பின்னரே என்பது கவனத்திற்குரியது.

கோப்பிக் காலத்தில் இம்முரண் அத்துணைக் கூர்மையாக இருக்கவில்லை. 1840களிலிருந்து ஊவாவின் மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பரவின. உலர்த்திய கோப்பி மாட்டுவண்டிகளில் மலையிறங்கிக் கொழும்பை அடைந்தது. அங்கிருந்து பாய்க்கப்பல்களில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கிற் பயணம் செய்து இலண்டனை அடைந்தது. வண்டிப்பாதையிற் சென்ற நாட்களும் செலவும் ஊவாத் தோட்டக்காரர்க்குப் பெருஞ்சுமையாயிருந்தன. கடற்பயணத்தில் எரிபொருட் செலவு என்பது இல்லை. காற்றுக்கு எவரும் விலை கொடுப்பதில்லை. காலம் மட்டுமே விலையாகக் கொடுக்கப்பட்டது.

நீராவிக் கப்பல்கள் அக்காலத்தில் இல்லாமலில்லை. 1840களிலேயே தபாலையும் பிரயாணிகளையும் ஏற்றிய நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்தைத் தொட்டுச் சென்றன. ஆனால் அவற்றாற் கோப்பி போன்ற சரக்கைச் சுமந்து இலாபமீட்ட முடியவில்லை. காரணம் எளிது. அன்றைய தாழமுக்கப் பொறியில் ஒரு குதிரைவலுவை ஒரு மணிநேரம் பெறுவதற்கு நான்கு அல்லது ஐந்து இறாத்தல் நிலக்கரி எரிக்க வேண்டியிருந்தது. நெடுந்தூரப் பயணத்திற்கு வேண்டிய கரியை ஏற்றியபின் சரக்குக்கு இடமில்லை. கப்பல் தன் உணவைத் தானே சுமந்து தானே தின்று தீர்த்தது. தபாலுக்கு அரசாங்கம் கொடுத்த மானியமே அக்கப்பல்களை வாழவைத்தது.

இந்நிலையை மாற்றியது ஒரு சிக்கன எண்ணம். உருளையில் ஒருமுறை விரிந்த நீராவியில் இன்னும் வலு எஞ்சியிருக்கின்றது. அதனை வெளியே விட்டுவிடாது, அதனிலும் பெரிய இரண்டாம் உருளைக்குள் விட்டு மீண்டும் விரியச் செய்தால் அதே கரியிற் கூடுதல் வேலை பெறலாம். கூட்டுப்பொறி எனப்படும் இதனை ஸ்கொத்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில் ஜோன் எல்டர் என்பவர் 1850களிற் கப்பலுக்குப் பொருத்தினார். லிவர்ப்பூலைச் சேர்ந்த அல்பிரட் ஹோல்ட் இதனை மேலும் துணிவுடன் கையாண்டார். புகையிரதப் பொறியியலிற் பயிற்சி பெற்ற அவர், கப்பற் கொதிகலங்களில் வழமையாக அனுமதிக்கப்பட்டிருந்த குறைந்த அமுக்கத்தை ஏற்காது, சதுர அங்குலத்திற்கு 60 இறாத்தல் அமுக்கத்தில் இயங்கும் மூன்று கப்பல்களைக் கட்டினார். அவற்றுள் முதலாவதான ‘அகமெம்னன்’ 1866இல் லிவர்ப்பூலிலிருந்து புறப்பட்டு, வழியில் எங்கும் கரி ஏற்றாமலே, ஏறத்தாழ 8,500 மைல் தொலைவிலுள்ள மொரிசியசை அடைந்தது. நாளொன்றுக்கு அது எரித்த கரி ஏறத்தாழ 20 தொன்; அதே அளவுடைய பழைய கப்பல்களோடு ஒப்பிட இது பெருஞ் சிக்கனம். சரக்குக் கப்பலாக நீராவிக் கப்பல் நெடுங்கடலில் வாழ முடியும் என்பதற்கு இதுவே முதல் உறுதியான சான்று எனலாம்.

இதே காலத்தில் மற்றொருவர் வேறொரு வழியிற் சிந்தித்தார். வில்லியம் புரூட் பொறியை விட்டுவிட்டு உடலை நோக்கினார். கப்பலின் உடல் நீரைக் கிழித்துச் செல்லும்போது அதற்கு நேரும் தடை இருவகைப்படும்: நீர் உடலின் தோலை உரசுவதால் எழும் தடை ஒன்று, கப்பல் எழுப்பும் அலைகளுக்குச் செலவாகும் வலு மற்றொன்று. இரண்டையும் பிரித்தறிந்தால், மெழுகினாற் செய்த சிறு மாதிரியை நீர்த்தொட்டியில் இழுத்தே பெருங்கப்பலின் தடையைக் கணித்துவிடலாம் என்றார் அவர். சிறு மாதிரிகளைக் கொண்டு கடலைக் கணிப்பது நல்ல பொழுதுபோக்கேயன்றி வேறன்று என எள்ளிய கப்பற்கலைஞரும் அன்று இருந்தனர். 1872இல் இங்கிலாந்தின் ரோர்க்கி நகரில், கடற்படைத் தலைமையகத்தின் பணத்தில், புரூட் தமது தொட்டியை அமைத்தார். இன்றும் உலகிற் கட்டப்படும் பெருங்கப்பல்கள் பல அவ்வழிவந்த தொட்டிகளில் மாதிரியாக இழுபட்டே பிறக்கின்றன. கப்பலைக் கட்டியபின் கரிச்செலவைக் கண்டு வருந்துவதற்கு மாறாக, கட்டுமுன்னரே கரிச்செலவை வரைபடத்தில் திருத்தும் முறை அன்றே பிறந்தது.

1869ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் விந்தையானது. அவ்வாண்டு நவம்பர் 17இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐந்து நாட்களின் பின், தேயிலைப் பாய்க்கப்பல்களுட் புகழ்பெற்ற ‘கற்றி சார்க்’ ஸ்கொத்லாந்தில் நீரில் இறக்கப்பட்டது. தான் பிறக்குமுன்பே அதன் காலம் முடிந்துவிட்டது. செங்கடலின் காற்று பாய்க்கப்பலுக்கு ஒவ்வாததாலும் கால்வாயினூடே இழுத்துச் செல்லும் கூலி மிகுதியாதலாலும் புதிய குறுக்குவழி நீராவிக்கே உரியதாயிற்று. அதே 1869இலேதான் இலங்கைக் கோப்பிச் செடியில் ‘ஹெமிலேயா’ என்னும் இலைத்துரு நோயும் இனங்காணப்பட்டது. ஒன்று தேயிலைக்கு வழியைத் திறந்தது. மற்றொன்று கோப்பியை வேரறுத்தது. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலையில் 23 இறாத்தல் 1873இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. இருபத்துமூன்று இறாத்தல்! 1900ஆம் ஆண்டளவில் ஏற்றுமதி பத்துக்கோடி இறாத்தலைத் தாண்டிவிட்டது.

இப்பெருக்கத்தைக் கோப்பி நோயாலும் துரைமாரின் ஊக்கத்தாலும் மட்டும் விளக்குவது போதாது. தேயிலை கோப்பியினின்றும் வேறுபட்ட சரக்கு. எடை குறைவு, இடம் மிகுதி. ஈரமும் அயல்மணமும் பட்டாற் கெடும். பல மாதம் கப்பலின் அடித்தளத்திற் கிடந்த தேயிலைக்கும் சில வாரங்களில் இறங்கிய தேயிலைக்கும் இலண்டன் சந்தையில் விலை ஒன்றன்று. இத்தகைய சரக்கைப் பெருந்தொகையாக அனுப்புவதற்கு விரைவும் மலிவும் ஒருங்கே வேண்டும். 1881இல் ‘அபர்டீன்’ என்னும் கப்பல் நீராவியை மூன்றுமுறை விரியச் செய்யும் பொறியுடன் வெள்ளோட்டம் கண்டது. ஒரு குதிரைவலு மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் கரியே போதுமென்ற நிலையை அத்தகைய பொறிகள் விரைவில் எட்டின. ஐந்து இறாத்தல் ஒன்றரையாயிற்று. அப்பத்தாண்டின் நடுவில் ஊவாவைச் சூழ நிகழ்ந்தவற்றை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஒரு கோலம் புலப்படும்: 1883இற் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது, 1885இற் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் நிறைவுற்றது, அதே ஆண்டு புகையிரதப்பாதை நானுஓயாவை எட்டியது, 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று, 1890இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளையருகே டம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார், 1893இற் புகைவண்டி அப்புத்தளையையும் 1894இற் பண்டாரவளையையும் அடைந்தது.

இவற்றுள் அலைதடுப்புச் சுவரைப்பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். 1875 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். பொறியியலாளர் ஜோன் கூட் வகுத்த திட்டப்படி ஏறத்தாழ 4,200 அடி நீளத்திற்கு அது கடலுள் நீண்டது. அதற்குமுன் கொழும்பு ஒரு திறந்த நங்கூரத்தளம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நடுக்கடலில் நின்று ஆடும் கப்பலுக்குப் படகுகளிற் சரக்கேற்றுவது பெரும் இடர். சுவர் எழுந்தபின் யூலை மாதத்திலும் கப்பல் அசைவின்றி நின்று சரக்கேற்றியது. காலியை விட்டுப் பெருங் கப்பல் நிறுவனங்கள் கொழும்புக்குப் பெயர்ந்தன. மலையிற் கச்சான் வீசும் பருவத்தில் விளையும் தேயிலைக்கு அக்காற்றின் சீற்றத்தைக் கடலிலே தடுத்துநின்ற சுவர் எத்துணை வேண்டப்பட்டது என்பதை ஊவாவிலிருந்து பார்த்தாலன்றி உணர்வது கடினம்.

எனினும் சிக்கனம் என்னும் சொல்லிற் பொதிந்திருந்த பொருளை இங்கு நின்று ஆராய வேண்டும். பொறி சிக்கனமாகியதாற் கடலில் எரிந்த கரி குறைந்ததா? இல்லை. பன்மடங்கு பெருகியது. அகமெம்னன் புறப்படுவதற்கு ஓராண்டு முன், 1865இல், வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ் என்னும் பொருளியலாளர் பிரித்தானியாவின் நிலக்கரிபற்றிய நூலொன்றை வெளியிட்டார். கரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு பொறியும் கரியின் மொத்த நுகர்வைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது என்பது அதிற் கூறப்பட்ட கருத்துக்களுள் ஒன்று. செலவு குறைந்தால் பயன்பாடு பெருகும். முன்பு இலாபந்தராத பயணங்கள் இலாபந்தரும். முன்பு அனுப்பப்படாத சரக்கு அனுப்பப்படும். ஊவாத் தேயிலையே அத்தகைய சரக்கு. அது சிக்கனத்தின் குழந்தை. சிக்கனம் எரித்த கரியின் குழந்தையுமாகும்.

அக்கரியைச் சுமந்தோர் யாவர்? கொழும்பு கிழக்கின் பெருங் கரித்துறைகளுள் ஒன்றாயிற்று. வந்து நிற்கும் கப்பல்களுக்குக் கூடைகூடையாகக் கரியைச் சுமந்து கொட்டியோருள் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராயிருந்தனர். அவர்தம் இனத்தாரே மலையிற் கொழுந்துக்கூடை சுமந்தனர். ஒரே நாட்டிலிருந்து வந்த மக்களுள் ஒரு பகுதியார் முதுகிலே பச்சைக் கொழுந்து. மறு பகுதியார் தலையிலே கறுத்த கரி. இரண்டும் ஒரே கப்பலில் ஏறின. சரக்குக் கட்டணம் வீழ்ந்ததால் விளைந்த நன்மை இலண்டனில் தேநீரருந்தியோர்க்கு மலிவு விலையாகவும் கம்பனிகளுக்கு இலாபமாகவும் சென்றடைந்தது. இவ்விரு கூடைகளையும் சுமந்தோரின் கூலியில் அது தெரியவில்லை. புதிய எண்ணெய்ப்பொறி வந்தபின் கரிக்கூடை மறைந்தது. 1912இல் ‘செலாண்டியா’ என்னும் தென்மார்க்குக் கப்பல் டீசல் பொறியுடன் கீழைக்கடலுக்குப் பயணமானது. அடுத்த அரை நூற்றாண்டுள் கரிக்கூலிகளின் தொழில் இல்லாதொழிந்தது. கொழுந்துக்கூடை மட்டும் இருக்கின்றது.

ஈண்டு பாய்க்கப்பலின் முடிவுபற்றி ஒரு சொல். 1869உடன் பாய் மறைந்துவிட்டதெனக் கொள்வது தவறு. வங்கக் கடலிலும் பாக்கு நீரிணையிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வடபுலத்துப் பாய்க்கப்பல்கள் அரிசியும் ஓடும் மரமும் ஏற்றிச் சென்றன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் அக்கப்பல் காற்றொன்றையே பெரிதும் நம்பிப் பெருங்கடல் கடந்து 1938இல் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தது. இந்நிகழ்ச்சி நம்மவர் கட்டுரைகளிற் பழம்பெருமையாகவே பேசப்படுகின்றது. பெருமை பேசுவதோடு நின்றுவிடுவதால், அக்கப்பலின் உடலமைப்பும் பாயமைப்பும் எவ்வாறு கணிக்கப்பட்டன, மேத்திரிமார் எவ்வளவைகளைக் கையாண்டனர் என்னும் பயனுள்ள வினாக்கள் கேட்கப்படாமலே போயின. புரூட்டின் தொட்டி அவர்களிடம் இல்லை. ஆயினும் நீரின் தடையை அவர்கள் கைகள் அறிந்திருந்தன.

1924ஆம் ஆண்டும் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஏப்பிரலில், தெமோதரையின் சுருள்வளைவைக் கடந்து, புகையிரதப்பாதை பதுளையை வந்தடைந்தது. அதே ஆண்டில் யேர்மனியப் பொறியியலாளர் அன்ரன் பிளெற்னர் ‘புக்காவு’ என்னும் கப்பலில் இரண்டு உயர்ந்த உருளைகளை நிறுத்திச் சுழலவிட்டார். சுழலும் உருளைமீது பக்கவாட்டிற் காற்று மோதும்போது உருளையின் ஒருபுறம் காற்று விரைந்தும் மறுபுறம் தடைபட்டும் செல்வதால் கப்பலை முன்தள்ளும் விசை பிறக்கின்றது. பாயில்லாத பாய்க்கப்பல் அது. 1926இல் அது அத்திலாந்திக்கைக் கடந்தது. எண்ணெய் மலிவாயிருந்த உலகம் அதனை வியந்து பார்த்துவிட்டு மறந்தது. நூறாண்டு கழிந்து, எண்ணெய் மலிவாயில்லாத போது, அவ்வுருளைகள் மீண்டும் சரக்குக் கப்பல்களின் மேற்றளங்களிற் காணப்படுகின்றன. 2023இல் ‘பிக்சிஸ் ஓசன்’ என்னும் மொத்தச் சரக்குக் கப்பல் மடக்கி நிமிர்த்தத்தக்க இரு பெருஞ் சிறகுப்பாய்களுடன் ஓடத்தொடங்கியது.

நடுவில் நிகழ்ந்த மறதியைச் சுருங்கக் கூறினாற் போதும். 1967 யூன் முதல் 1975 யூன் வரை சுயஸ் மூடப்பட்டது. தேயிலை மீண்டும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியது. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. அப்போதுதான் கப்பலுடைமையாளர் வேகத்தைக் குறைக்கும் எளிய உபாயத்தைக் கையாண்டனர். நீரினூடே செல்லும் கப்பலுக்கு வேண்டிய வலு ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக ஏறுகின்றது. ஆதலால் வேகத்தைப் பத்திலொரு பங்கு குறைத்தால் வலு நூற்றுக்கு 27 குறையும். பயணம் நீள்வதைச் சேர்த்துக் கணித்தாலும் எரிபொருளில் நூற்றுக்கு 19 மிஞ்சும். புதிய கருவி ஏதும் வேண்டாத சிக்கனம் இது. 2008இன் பின் கொள்கலக் கப்பல்கள் இவ்வழியையே மீண்டும் பின்பற்றின.

சிக்கனத்தின் நோக்கம் பணத்திலிருந்து காபனுக்கு மாறிய கதை அண்மைக்காலத்தது. 1997ஆம் ஆண்டின் கியோத்தோ உடன்படிக்கை, எந்நாட்டின் எல்லைக்குள்ளும் அடங்காத கப்பற்புகையைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பொறுப்பில் விட்டது. பதினான்காண்டு கழித்து, 2011 யூலையில், அவ்வமைப்பு புதிய கப்பல்களுக்கான சக்தி வினைத்திறன் வடிவமைப்புச் சுட்டியை ஏற்றது. 2013 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு தொன் சரக்கை ஒரு கடல்மைல் கொண்டுசெல்லக் கப்பல் எத்தனை கிராம் காபனீரொட்சைட்டை வெளியிடுகின்றது என்பதே அச்சுட்டி. அல்பிரட் ஹோல்ட் தம் கணக்கேட்டிற் கரித்தொன்னாக எழுதியதை இன்று உலகச் சட்டம் கிராமாக எழுதுகின்றது. குமிழ்போன்ற முகப்பு, மெல்லச் சுழலும் பெருவிசிறி, அடிப்பலகையின் கீழ் காற்றுக்குமிழிகளைப் பரப்பி உரசலைக் குறைத்தல், பாசியும் சிப்பியும் ஒட்டாத பூச்சு என இன்றைய வடிவமைப்பாளர் கையாளும் வழிகளை நோக்கின், அவற்றுட் பெரும்பாலானவை புரூட் பிரித்துக்காட்டிய இரு தடைகளுள் ஒன்றைக் குறைக்கும் முயற்சிகளேயாகும். கொழும்புத் துறைமுகத்தினுள்ளேயே, கொழும்பு டொக்யார்ட் நிறுவனம் நோர்வேயின் மிஸ்யே நிறுவனத்திற்காக, மின்கலத் துணையுடன் இயங்கும் 5,000 தொன் சுமையுள்ள சரக்குக் கப்பல்களை இப்பத்தாண்டில் கட்டியுள்ளது. அன்று கரி கொட்டப்பட்ட துறையில் இன்று மின்கலக் கப்பல் இறக்கப்படுவது பத்திரிகைகளிற் சிறு செய்தியாக வந்துபோயிற்று. அதற்குரிய இடம் அதனிலும் பெரிது.

ஆயினும் ஜெவன்ஸ் எழுப்பிய ஐயம் தீரவில்லை. கடல்சார் அமைப்பின் நான்காவது ஆய்வின்படி, உலகக் கப்பல்களின் பச்சைவீட்டு வாயு வெளியீடு 2012இல் 97 கோடியே 70 இலட்சம் தொன்னாக இருந்து 2018இல் 107 கோடியே 60 இலட்சம் தொன்னாக உயர்ந்தது. மனிதர் வெளியிடும் மொத்தத்தில் இது நூற்றுக்கு 2.89. ஒவ்வொரு கப்பலும் முன்னையதிலும் சிக்கனமாகிய அதே ஆண்டுகளில் மொத்தம் ஏறியது. ஆகவே வடிவமைப்பு மட்டும் போதாது, வெளியீட்டுக்கு விலையும் வேண்டும் என்னும் கருத்து வலுத்தது. 2023இல் அமைப்பு 2050ஐ அண்டி நிகரச் சுழியத்தை எட்டுவதென இலக்கு வகுத்தது. 2025 ஏப்பிரலில் தொன்னுக்கு 100 டொலர், 380 டொலர் என இருபடி விலைகொண்ட திட்டமொன்று வரையப்பட்டது. ஆனால் அவ்வாண்டு ஒக்ரோபரில், அதனை ஏற்கும் முடிவு ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2024 முதல் தன் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களிடம் தன் சொந்தக் கட்டணத்தை அறவிடத் தொடங்கிவிட்டது.

இக்கட்டணம் ஈற்றில் எவர் தலையில் இறங்கும் என்பதே ஊவாவுக்குரிய வினா. தேயிலைத்துறையிற் கூலியுயர்வு கேட்கப்படும் போதெல்லாம் செலவு ஏறிவிட்டது, சந்தை தாங்காது என்பதே மறுமொழியாக வந்துள்ளது. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்னும் கோரிக்கை நிறைவேற 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. 2024இல் அது 1,350 ஆயிற்று. கப்பற் காபனும் இனி அம்மறுமொழிகளுள் ஒன்றாகக்கூடும். ஆகவே கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று. கொழும்பிலிருந்து சுயஸ் வழியாக இலண்டன் ஏறத்தாழ 6,700 கடல்மைல், அதாவது 12,400 கிலோமீற்றர். பெருங் கொள்கலக் கப்பல் ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்ல 12 கிராம் அளவில் வெளியிடுகின்றதெனக் கொண்டால், ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 150 கிராம் காபனீரொட்சைட்டு. நாளொன்றுக்கு 18 கிலோ பச்சைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பு நான்கு கிலோ தேயிலையாகும். அதன் கடற்புகை 600 கிராம். தொன்னுக்கு 100 டொலர் வீதம் முழுப்புகைக்கும் அறவிட்டாலும் அது ஆறு சதம் அமெரிக்கப் பணம். டொலரை 300 ரூபாவாகக் கொண்டால் 18 ரூபா. 380 டொலர் வீதமாயினும் 70 ரூபாவை எட்டாது. அதுவும் இலண்டன் வரை சென்றால்தான். இலண்டன் தேயிலை ஏலம் 1998இலேயே மூடப்பட்டது. இன்று இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கு ஈராக், ருசியா, துருக்கி, அமீரகம் முதலிய நாடுகளுக்கே செல்கின்றது. அவற்றுட் சில இலண்டனிலும் அண்மையிலுள்ளன. ஒருநாட் கூலியோடு வைத்துப் பார்க்கும்போது கடற்காபனின் விலை மிகச் சிறிது. கூலியை மறுப்பதற்கு அதனைக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. கணக்குத் தெரியாதவரிடமே அக்காரணம் செல்லுபடியாகும்.

உண்மையிற் கப்பலைத் தாக்குவது விலையிலும் பார்க்க வழியே. 2023 நவம்பர் முதல் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டமையால், ஐரோப்பா செல்லும் பெருங்கப்பல்கள் மீண்டும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. 6,700 கடல்மைல் பத்தாயிரத்துக்கு மேலாயிற்று. வடிவமைப்பாளர் இருபதாண்டு முயன்று ஈட்டிய சிக்கனத்தை ஒரு நீரிணையின் அமைதியின்மை ஒரு திங்களில் விழுங்கிவிட்டது.

கடலைப்பற்றி இவ்வளவு கூறியபின் மலையிறங்கும் வழியையும் நோக்க வேண்டும். ஏனெனில் ஊவாத் தேயிலையின் பயணம் கொழும்பிலே தொடங்குவதில்லை. ஒருகாலத்திற் பதுளை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளைப் புகையிரத நிலையங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகள் சரக்கு வண்டிகளில் ஏறின. தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரம் தெருவில் உருளும் இறப்பர்ச் சக்கரத்திலும் மிகக் குறைந்த எரிபொருளையே வேண்டும். லொறி ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்ல எரிப்பது கப்பல் எரிப்பதிற் பன்மடங்கு. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலே தேயிலை தண்டவாளத்தை விட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டது. கப்பல் ஒவ்வொரு தலைமுறையிலும் சிக்கனமாகிக் கொண்டுபோக, மலைக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட வழி மட்டும் எதிர்த்திசையிற் சென்றுள்ளது. 1924இற் பெரும் பொருட்செலவிற் பதுளைவரை போடப்பட்ட 180 மைற் பாதையில் இன்று பெரும்பாலும் பிரயாணிகளும் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்க வரும் வெளிநாட்டவருமே செல்கின்றனர். தேயிலைச் சாக்குகளை ஏற்றிய லொறிகள் அப்புத்தளையிலிருந்து பெரகலை வளைவுகள் வழியே கொழும்பை நோக்கி இறங்குகின்றன.